கீழே ஒரு கை இருக்கிறது

என் வீட்டுக்காரருக்கு வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. அப்பேர்ப்பட்ட மனிதரின் விரலில்தான், யாரோ கக்கூஸில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்ட ஊசி ஏறியது. காலை பத்தரை மணிக்குப் போன் செய்து, "பதறாத. கையில லேசா ஊசி குத்திடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறேன், நீயும் வந்துடு" என்றார். அவர் வாயால் லேசாக என்று சொன்னால் நான் நம்புவதில்லை. போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்து முழங்கை உடைந்தபோதும் லேசாகத்தான் விழுந்தாராம்.

அவர் கழிவுக் குழாய் அடைப்பு எடுப்பவர். பதினெட்டு வருஷமாக அதுதான் வேலை. வருகிற போனை எடுத்து, எந்தத் தெரு, எந்த மாடி, எத்தனை நாளாக அடைத்திருக்கிறது என்று எழுதி வைப்பது நான். அதனால் ஜனங்கள் எதையெல்லாம் உள்ளே தள்ளுகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. பல் செட், செல்போன், பொம்மைக் கார், மீந்துபோன சாப்பாடு, சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட், கொத்தனார் சட்டி கழுவிய சிமென்ட் தண்ணீர். ஒரு வீட்டில் ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு கால் மட்டும் வந்தது. இன்னொரு கால் எங்கே என்று இவர் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

உடம்பிலிருந்து போவது, தண்ணீர், தண்ணீரில் கரைந்துவிடுகிற மெல்லிய காகிதம். கக்கூஸுக்குள் போகலாம் என்பது இந்த மூன்றுதான். ஒரு கை விரலில் எண்ணி முடித்துவிட்டு இரண்டு விரல் மிச்சம் வைத்துக்கொள்ளலாம். இது படிக்காதவர்களுக்கும் ஏறவில்லை, படித்தவர்களுக்கும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கை நடுவிரலில் சின்ன பிளாஸ்திரி. மடியில் அந்த ரப்பர் கையுறை. தடிமனான கையுறைதான், போன மாதம் வாங்கியது. அதிலே இருந்த ஓட்டையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சின்னது.

டாக்டரம்மா நல்ல மாதிரி. சுற்றி வளைக்காமல் சொன்னார். "நோய் தொத்தாம இருக்க முதல் மாத்திரை குடுத்தாச்சு. பயப்படற அளவுக்கு இருக்காது, ஆனா ஒண்ணுமே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. ஊசி யாரோடதுன்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்தை இன்னிக்கே பாத்துடலாம். அதுல ஒண்ணும் இல்லன்னா மாத்திரையை நிறுத்திடலாம். தெரியலன்னா இருபத்தெட்டு நாள் சாப்பிடணும். மூணு மாசம் வரைக்கும் திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுக்கணும்." பிறகு பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, "இவருக்கு ஏற்கெனவே ஈரல்ல பிரச்சினை இருக்கே. இந்த மாத்திரை தாங்குமான்னு பாத்துப் பாத்துதான் குடுக்கணும்" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, நாற்பது நாள் படுத்துக் கிடந்தவர் அவர். அந்த நாற்பது நாளை நான் மறக்கவில்லை.

வெளியே வந்ததும், "யாருதுன்னு போய்க் கேட்டுட்டு வரேன்" என்றேன்.

"விடு. கேட்டா யாரு சொல்லப் போறாங்க."

"சொல்ற மாதிரி கேக்கறேன்."

"நீ கேட்டா சண்டையாயிடும்."

"ஆகட்டும்" என்றேன். அவருக்காகச் சண்டை போட வீட்டில் ஒருத்தியாவது வேண்டாமா?

அது ஐந்து மாடிக் கட்டடம். அடித்தளத்தில் வண்டிகள் நிற்கும் இடமும் மோட்டார் அறையும். அடைத்துக்கொண்ட குழாயில் மாடிக்கு ஒன்றாக ஐந்து வீடு. இவர் கீழே மூடியைத் திறந்து, கம்பியை விட்டுச் சுழற்றி, மிச்சத்தைக் கையால் இழுத்தபோதுதான் குத்தியிருக்கிறது. இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எடுத்ததை உடனே கொட்டிவிட மாட்டார். மூடி போட்ட வாளியில் வைத்து, வீட்டுக்காரர்களிடம் காட்டிவிட்டுத்தான் அப்புறப்படுத்துவார். காட்டாவிட்டால், நாங்க அப்படி எதுவும் போடறதே இல்லையே என்பார்கள். வாளி மோட்டார் அறை வாசலில் அப்படியே இருந்தது. திறந்து பார்த்தேன். ஈரத்துணி மாதிரி முகம் துடைக்கிற காகிதங்கள், முடி, பஞ்சு, எல்லாம் முறுக்கிக்கொண்டு கயிறாகக் கிடந்தன. அந்தக் கயிற்றுக்குள் ஊசி சிக்கியிருந்திருக்கிறது. தனியாகப் போயிருந்தால் போன வழி தெரிந்திருக்காது.

சங்கத்துச் செயலாளர் முதல் மாடியில் குடியிருந்தார். ஏதோ ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா, கையில் ஒரு நீள நோட்டு. விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க பில்டிங்ல ஊசியா? வாய்ப்பே இல்லம்மா" என்றார். "இங்க அஞ்சு வீட்டுக் குப்பையும் எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பெருமையாக விளக்கினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கொண்டுவந்த ஏற்பாடாம். குப்பையை உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடிப் பையில்தான் கட்ட வேண்டும். பையில் வீட்டு எண் எழுதி, காலை ஏழு மணிக்குள் வாசல் கொக்கியில் மாட்ட வேண்டும். செயலாளர் ஒவ்வொரு மாடியாக ஏறி, யார் சரியாகப் பிரித்திருக்கிறார்கள், யார் பிரிக்கவில்லை என்று பார்த்து நோட்டில் எழுதுவார். சுத்தமான கட்டடம் என்று கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாடிப்படியில் மாட்டியிருந்தார்கள்.

"சிலர் முணுமுணுத்தாங்க. நான் சொன்னேன், மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்குன்னு."

"அப்ப அந்த ஊசி எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

"தெருக் குழாயிலேர்ந்து வந்திருக்கும்."

"ஊர்ல சாக்கடை எல்லாம் கீழதான் போகுது. உங்க பில்டிங்குக்கு மட்டும் மேல ஏறி வருதா சார்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. பில்டிங் பெயரைக் கெடுக்கக் கூடாது, எதுவானாலும் எழுத்து மூலம் கொடுங்கள் என்று ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் ஈரலுக்கு எழுத்து மூலம் எதுவும் புரியாது, நான் ஐந்து வீட்டிலும் கேட்கத்தான் போகிறேன் என்றேன். அப்படியானால் தானும் கூட வருவேன் என்றார். வரட்டும் என்று விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆனால் அப்போது தெரியவில்லை.

"முதல் வீடு உங்களுது சார்" என்றேன்.

"எங்க வீட்டுலயா?" என்று அவர் நிமிர்ந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஊசியெல்லாம் இல்லம்மா. இவருதான் போன வாரம் தேதி முடிஞ்ச மாத்திரை, டானிக் எல்லாத்தையும் டாய்லெட்ல கொட்டினாரு" என்றார்.

"அது கரைஞ்சு போயிடும்" என்றார் செயலாளர், யாரையும் பார்க்காமல்.

"கரைஞ்சு எங்க சார் போகும்? ஆத்துத் தண்ணிக்குத்தான் போகும். அந்தத் தண்ணியத்தான் திரும்பக் குடிக்கறோம்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

இரண்டாவது மாடியில், காதில் மைக் மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் ஒரு பெண். ஊசி என்றதும் பதறினாள். "நான் போடறதெல்லாம் துடைக்கற டிஷ்யூ மட்டும்தாங்க. டாய்லெட்ல போடலாம்னு பாக்கெட்லயே போட்டிருக்கு." எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். ஊசியைப் பற்றிக் கேட்டால் டிஷ்யூ வெளியே வருகிறது.

"கீழ வாளியில இருக்கு, வந்து பாருங்க. எத்தனை நாள் ஊறியிருக்கோ, ஒரு நூல்கூட பிரியல" என்றேன். "பாக்கெட்ல எழுதறவன் அடைப்பு எடுக்க வருவானா? பாக்கெட்ல எழுதறவனுக்கு எங்க தெருவே தெரியாது."

அவள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது மாடி அம்மாவுக்கு வயதுக்கு வந்த பெண்கள் இரண்டு பேர். அவள் என்னை வாசலிலிருந்து உள்ளே இழுத்து, கதவைப் பாதி சாத்திக்கொண்டு, செயலாளர் காதில் விழாமல் பேசினாள். "ஊசி இல்லங்க. ஆனா மாசம் மாசம் பொண்ணுங்க பஞ்சு போடறது நிஜம். எத்தனையோ தடவை திட்டிட்டேன். ஆனா அதைக் கண்ணாடிப் பையில எப்படிங்க போடறது? பேப்பர்ல சுத்தினா, உள்ள என்ன, பிரிச்சுக் காட்டுங்கன்னு ஒரு நாள் கேட்டாரு. அப்புறம் பொண்ணுங்க பையில போடவே மாட்டேன்னுடுச்சுங்க."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அதுவரை கட்டடத்து ஜனங்கள் மேல் இருந்த கோபம் முழுக்க அந்த நீள நோட்டின் மேல் திரும்பியது. இந்த மனிதர் சுத்தத்துக்காக ஒரு பையைக் கொண்டுவந்தார். வெட்கப்பட வேண்டியது, மறைக்க வேண்டியது, நாலு பேர் பார்க்கக் கூடாதது எல்லாம் பையிலிருந்து தப்பித்து கக்கூஸுக்குப் போய்விட்டது. இவர் மேலே பையைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கினார். என் வீட்டுக்காரர் கீழே கையை விட்டு ஊசி வாங்கினார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

வெளியே வந்து அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். "ஏன் சார், பொம்பளப் பிள்ளைங்க பஞ்சைக்கூடவா நோட்டுல எழுதுவீங்க?"

"நான் பொதுவா, எல்லாரையும் போலத்தான்..." என்று இழுத்தார்.

நான்காவது மாடி பூட்டிக் கிடந்தது. நாலு மாதமாக வெளிநாட்டில் இருக்கிறார்களாம். மிச்சம் ஐந்தாவது மாடி. செயலாளர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கதவைத் திறந்தது வயதான அம்மா. நெற்றி சுருங்க, வாசல்படியை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் சமையலறை வாசலில் மருமகள், முப்பது வயதுக்குமேல் இருக்கும், கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மகன் வேலைக்குப் போயிருந்தான்.

"எங்க வீட்டுல யாருக்கும் ஊசி போட்டுக்கற வியாதி கிடையாது" என்றார் அந்த அம்மா. "அஞ்சாவது மாடின்னா சும்மா வந்து கேட்டுடலாமா?"

நான் துப்பறிகிறவள் இல்லை. எதையும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குக் கத்தத்தான் தெரியும். மிச்சம் இருந்தது இந்த ஒரு வீடுதான். இதிலும் இல்லை என்றால் இருபத்தெட்டு நாள், மூன்று மாதம், மறுபடியும் மஞ்சள் கண். கத்தினேன்.

"யாரு பேரும் எனக்கு வேணாம். எதுக்குப் போட்டுக்கிட்டாங்கன்னும் வேணாம். ஒரு சொட்டு ரத்தம் குடுத்தா போதும். என் வீட்டுக்காரர் உங்க அஞ்சு வீட்டு அசிங்கத்தைக் கையால எடுத்தாரு. மூக்கைப் பொத்திக்கிட்டாவது ஒருத்தரும் கீழ எட்டிப் பாக்கல. அந்தக் கையில இப்ப என்ன ஏறியிருக்குன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க இந்த மாடியிலதான் எங்கயோ நின்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவருக்கு ஈரல் கெட்டிருக்கு. இந்த மாத்திரை அவரைத் தின்னுடும். பேசாம இருக்கறது தப்பிச்சுக்கறது இல்ல. அவரைக் கொல்றது."

"இத பாரும்மா, வீட்டு வாசல்ல நின்னு கொல்றது கில்றதுன்னு..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

"அது என்னுது" என்றாள் மருமகள்.

கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். மாமியார் திரும்பினார். "என்னடி உன்னுது?"

"ஊசி. குழந்தைக்காக. டாக்டர் எழுதிக் குடுத்தது. உங்க பிள்ளைக்குத் தெரியும், அத்தே. இது மூணாவது தடவை. நிக்கலன்னா உங்களுக்கும் ஏமாத்தமா இருக்கும்னு அவருதான் சொல்ல வேணாம்னாரு."

என் பின்னால் செயலாளரின் மூச்சு கேட்டது. இந்த வீட்டில் மூன்று தடவையாகப் பொத்திப் பொத்தி வைத்ததை, தினமும் அவர்கள் குப்பையை எட்டிப் பார்க்கிற ஆளை வைத்துக்கொண்டா நான் உடைக்க வேண்டும்? அவரை முதல் மாடியிலேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அதனால் தோன்றவில்லை.

மாமியார் மருமகளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வாசலில் நோட்டோடு நின்றவரைப் பார்த்து, "நீங்க போய் யாரு வீட்டுக் குப்பையாவது பாருங்க" என்றார். அவர் நோட்டை மூடிக்கொண்டு இறங்கினார். பிறகுதான் அந்த அம்மா மருமகள் பக்கம் திரும்பினார். நான் அறை விழும் என்று நினைத்தேன். "கரண்டியைக் கீழ வை. செருப்பைப் போடு" என்றார். "அடுப்பை நான் அணைக்கறேன்."

ஆட்டோவில் நாங்கள் மூன்று பேரும். என் கோபம் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக ஒருத்தியை மன்னித்துவிடுகிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. "ஏம்மா, நீ படிச்சவதானே" என்று கேட்டேன். "ஊசியைக் கொண்டுபோய் அதுலயா போடுவாங்க?"

அவள் சேலை நுனியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "மருந்துக் குழலை பையில மறைச்சு எடுத்துட்டுப் போய் வெளிய போட்டுடுவேன்க்கா. ஊசி முனையை மட்டும் கழட்டிடுவேன். குப்பையில போட்டா, எடுக்க வர்றவங்க கையில குத்திடுமேன்னுதான்..."

"என்னது?"

"குப்பை எடுக்கறவங்க வெறுங்கையால எடுப்பாங்க. பாத்திருக்கேன். அவங்களுக்குக் குத்திடக் கூடாதுன்னுதான் அதுல போட்டேன். கீழ ஒரு கை இருக்கும்னு நினைக்கலக்கா."

குப்பைக்காரர் கையை நினைத்தவள்தான். மேலே கண்ணுக்குத் தெரிந்த கையை நினைத்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டால் அது எங்கோ போகிறது, யாருமே இல்லாத இடத்துக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவள் மட்டுமா? காதில் மைக் மாட்டியிருந்தவளும், மாத்திரை கொட்டியவரும், ஊரில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டு வருஷமாக என் வீட்டுக்காரர் அந்த யாருமே இல்லாத இடத்தில்தான் வேலை பார்க்கிறார்.

ரத்தம் எடுத்தார்கள். குழந்தைக்கு வைத்தியம் ஆரம்பிக்கும் முன்பே எல்லாப் பரிசோதனையும் செய்திருக்கிறார்கள், அந்தச் சீட்டும் மாமியார் பையில் இருந்தது. கிளம்பும்போது மருமகள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இருந்தாலும் புதிதாகப் பார்த்தார்கள். நாலரை மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டு, "ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. மாத்திரையை நிறுத்திடலாம். மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி மட்டும் போட்டுட்டுப் போங்க" என்றார்.

நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டுப் பார்த்தால் கோபம் அப்படியே இருந்தது. சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றை ஒன்று கரைக்கவில்லை.

மாமியார் என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார். கைகூப்பவெல்லாம் இல்லை. "தம்பி, எங்க வீட்டுத் தப்பு" என்றார். அவ்வளவுதான். இவர் எழுந்து நின்று, "பரவாயில்லம்மா, உக்காருங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன பரவாயில்லை? காலையிலிருந்து எத்தனை தடவை செத்துப் பிழைத்தோம்?

பிறகு என் வீட்டுக்காரர் மருமகளைப் பார்த்துக் கேட்டார். "இனிமே கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, மூடி, ஆஸ்பத்திரியிலயே குடுத்துடுங்க. இங்க வாங்கிப்பாங்க. இதுவரைக்கும் எத்தனை போட்டிருப்பீங்கம்மா?"

அவள் மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். "தினம் ரெண்டு. ஒரு தடவைக்குப் பன்னெண்டு நாள். இது மூணாவது தடவை, இன்னும் முடியல. அறுபதுக்கு மேல இருக்கும்ண்ணா."

"எல்லாம் அதுலயேதான் போட்டீங்களா?"

தலையாட்டினாள்.

இவர் பிளாஸ்திரி போட்ட விரலைப் பார்த்தார். "எனக்கு வந்தது ஒண்ணு" என்றார். இடது கையால் போனை எடுத்தார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றேன், காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தெருக் குழாயில் வேலை பார்ப்பவர்களை எல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். "நெட்டை, நான்தான். அந்த அஞ்சு மாடி பில்டிங்குக்குக் கீழ போற லைன் இருக்குல்ல, அதுல கையை விடாத. ஆமா, ஊசி. அறுபது. இல்லடா, விளையாடல." அடுத்து இன்னொருவர். அடுத்து இன்னொருவர். ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தை. மருமகள் சுவரோரமாக நின்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்திருந்தார்.

ஐந்து பேர் எடுத்தார்கள். ஆறாவது ஆள் எடுக்கவில்லை. இவர் திரும்பவும் அடித்தார், அப்போதும் எடுக்கவில்லை.

"யாருங்க?" என்றேன்.

"மீசை. இந்த வாரம் அந்த லைன் அவனுதுதான்." மூன்றாவது முறை எண்ணை அழுத்தினார். "எடுக்க மாட்டேங்கறான். வேலையில இருப்பான்."